நாலு ஜிபிக்குள்

படம் நாலே கால் ஜிபிக்குச் சற்று மேல் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஏறவில்லை.

எங்கள் டிவி பழையது. ஹார்ட் டிஸ்க்கை நேராகச் செருகினால் எதுவும் வராது. மகன் கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுச் சென்ற கேம் கன்சோல் இருந்தது. அதில் செருகினால் படம் ஓடும். தலைமுடியை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் கன்சோலுக்குப் புரியும் விதமாக டிஸ்க்கைத் தயார் செய்தால், நாலு ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை அந்த டிஸ்க் வாங்கிக்கொள்ளாது. இதைக் கண்டுபிடிக்க வியாழனும் வெள்ளியும் போயின.

படத்தின் தரத்தைக் குறைத்திருக்கலாம். மனம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து மனைவியின் முகம் தெரியப்போகிறது, மங்கலாகவா தெரிய வேண்டும்? இரண்டு ஃபைலாக உடைத்திருக்கலாம். நடுவில் எழுந்து மாற்ற வேண்டும். அக்கா சிரிப்பாள்.

ஆகவே வெட்டினேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு ஒரு படத்தில் நடித்திருக்கிறாள். ஒரு காட்சி, ஒரு வசனம். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதன்பின் எங்கும் கிடைக்கவுமில்லை. கல்யாணமான புதிதில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் இதைச் சொன்னாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சினிமாவா? நீயா? யார் வீட்டுக் கல்யாண வீடியோவுலம்மா?"

அன்று முதல் பதினெட்டு வருடமாக அக்காவுக்கு அவள் நாயகி. நாயகி, கொஞ்சம் தண்ணி கொண்டா. நாயகிக்கு இன்னிக்கு ஷூட்டிங் இல்லையா? அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல் பிடுங்கிக்கொள்ள அங்கே போன அக்கா, வீங்கிய கன்னத்தோடு டாக்டரிடம் சொன்னாள்: "உங்ககிட்ட ஒரு நடிகை வேலை பார்க்குது, தெரியுமா?" டாக்டர் திரும்பிப் பார்த்தார். இவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.

போன மாதம் யாரோ அந்தப் படத்தைச் சுத்தம் செய்து இணையத்தில் வெளியிட்டார்கள். அவள்தான் கண்டுபிடித்தாள். லேப்டாப்பில் இறக்கி வைத்தாள். திறந்து பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அண்ணியையும் அண்ணாவையும் சாப்பிட வரச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்."

"நீ முதல்ல ஒரு தடவை பாரேன்."

"இவ்ளோ நாள் பொறுத்தாச்சு. டிவியில, பெருசா, அவங்க பக்கத்துல உக்காந்து பார்க்கணும்."

நான் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஒயர், திருகாணி என்றால் என் பொறுப்பு. சரி என்றேன்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போனால் நாலு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு பாட்டை எடுத்தேன். கார் ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டு நிமிடத்தை எடுத்தேன். இன்னும் மூன்று நிமிடம் தேவைப்பட்டது. கதாநாயகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து போகிறான். நீளமான வராந்தா, ஆளே இல்லை, அவன் முதுகு மட்டும். வேகமாக ஓட்டிப் பார்த்து அதையும் எடுத்தேன்.

கல்யாணக் காட்சியில் கை வைக்கவில்லை. அதில்தான் அவள் வருகிறாள். கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினேன். மூன்றாம் வரிசையில் பச்சை உடையில் ஒருத்தி திரும்பினாள். அவளாகத்தான் இருக்கும். போன் செய்து கேட்டிருக்கலாம். பதினெட்டு வருடம் கழித்து அதை எப்படிக் கேட்பது?

ஞாயிறு மதியம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"படம் பார்க்கக் கூப்பிட்டுட்டு வீடியோ கேமை நீட்டுறான்" என்றாள் அக்கா, கன்சோலைப் பார்த்து. "இந்த வயசுல உனக்குத் துப்பாக்கி சுடத் தெரியுமாடா?"

"இதுலதான் படம் வரும்க்கா. பாரு, எவ்ளோ தெளிவுன்னு."

"தெளிவாத்தான் இருக்கணும். நாயகியைத் தேடணுமே."

மனைவி சிரித்தாள். அன்று அவளால் சிரிக்க முடிந்தது. அக்காவுக்குப் பக்கத்தில், தொடை இடிக்க உட்கார்ந்தாள்.

கல்யாணக் காட்சி வந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் அத்தானுக்குத் தலையணை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை உடைக்காரி திரும்பினாள். வேறு யாரோ.



படத்தில் போன் மணி அடித்தது. கதாநாயகன் எடுத்தான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில். மனைவி முன்னால் நகர்ந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான் அண்ணி. இதுக்கப்புறம்."

கதாநாயகன் போனை வைத்தான். அடுத்த நொடி ஒரு பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தான்.

"என்னடா, உன் லிஃப்ட் மாதிரி மாடி விட்டு மாடி தாவுது?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் பின்னால போங்க" என்றாள் மனைவி.

போனேன். போன் மணி. பாலம்.

"இன்னொரு தடவை."

போன் மணி. பாலம்.

மூன்றாவது தடவை அக்கா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "விடும்மா. ஆத்துல குதிச்சிட்டியோ என்னமோ."

அத்தான் விழித்து, "முடிஞ்சிருச்சா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்காவின் வாய் அடைத்திருக்கும். ஆனால் எதற்காக அந்த இடத்தை வெட்டினேன் என்று இவள் கேட்பாள். அவர்கள் முன்னால்.

"இந்தப் பிரிண்ட்லயே இல்ல போல" என்றேன்.

"பாவம்" என்றாள் அக்கா. "சுத்தம் பண்ணவங்களும் தேடித்தானே பார்த்திருப்பாங்க."

மனைவி அதற்குப் பிறகு படம் முடியும்வரை அசையவில்லை. அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை போனாள். மிச்சமான சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"வரேன் நாயகி."

"பார்த்துப் போங்க அண்ணி."

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:

"எத்தனை நிமிஷம் வெட்டுனீங்க?"

ஜன்னல் திரையை விலக்கினேன்.

"இறக்கும்போது ரெண்டு மணி இருபது நிமிஷம். டிவியில ரெண்டு பத்துதான் காட்டுச்சு."

"டிஸ்க்குல ஏறல. நாலு ஜிபிதான் வாங்கும். அதான் வேண்டாததா பார்த்து… ஒரு பாட்டு. கார் போறது."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரி. ஆளே இல்லாத எடம்னு நினைச்சு…"

"அந்த வராந்தா முடியுற எடத்துல கதவுகிட்ட நான் நிப்பேன்."

"நீ கல்யாணக் கூட்டத்துலதானே வர்றே?"



"கல்யாணம்ங்கிறது அண்ணி அடிச்ச ஜோக்குங்க."

சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

லேப்டாப்பில் படம் முழுதாக இருந்தது. திறந்தேன். வராந்தா, முதுகு, பிறகு கதவு. வெள்ளை உடையில் அவள். கழுத்துப் பட்டியில் பிரிந்து தொங்கிய நூல்கூடத் தெரிந்தது. கதாநாயகன் கதவைத் தள்ளப் போகிறான். அவள் கையை நீட்டித் தடுக்கிறாள்.

"உள்ள போகலாம். ஆனா அழாதீங்க. அவர் முழிச்சிருக்கார்."

அவன் போன பிறகும் கேமரா அவளிடமே சில நொடிகள் நிற்கிறது. அவள் கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். வேறெதுவும் செய்யவில்லை. நன்றாக நடித்திருந்தாள்.

அக்காவுக்கு போன் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, அவ சொன்னது நிஜம். அந்தக் காட்சியை நான்தான் வெட்டிட்டேன். டிஸ்க்குல எடம் இல்லாம."

"சரிடா."

"என்ன சரி? நிஜம்மா. இப்பதான் பார்த்தேன். நர்ஸா வர்றா. வசனம்கூடப் பேசுறா."

"தம்பி, பொண்டாட்டிக்காகப் பேசுற, நல்லதுதான். மத்தியானம் பிரிண்ட்ல இல்லைன்னே. இப்ப நீ வெட்டிட்டேங்கிறே. எதை நான் நம்ப?"

"அடுத்த வாரம் வா. காட்டுறேன்."

"வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா? இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல யார் தலையை வேணாலும் வெச்சுடுறாங்க. விடுடா, நான் அவளை ஒண்ணும் கேட்க மாட்டேன். பாவம்."

அக்காவின் குரல் போனுக்குள் அடங்காது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லேப்டாப் திரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கதவருகே, இருபத்திரண்டு வயதில்.

"வந்து பாரேன்" என்றேன்.

"நான்தானே நடிச்சேன். எனக்குத் தெரியும்."

துடைப்பத்தை எடுத்தாள்.

"அந்த ஒயரெல்லாம் கழட்டுங்க. பெருக்கணும்."

கழட்டினேன்.