சுந்தராம்பாளின் வலது கட்டைவிரல்

கட்டைவிரல்களைச் சேர்த்துப் போட்ட முடிச்சு மூன்றாவது தடவையும் நழுவியது. லீலா வெள்ளைத் துணிக் கிழிசலைப் பிடித்தபடி, செத்துக் கிடந்த அக்காளின் கைகளையே பார்த்தாள். இடது கட்டைவிரல் விறைத்து நின்றது. வலதுதான், இறுக்கிக் கட்டியதும் மெல்ல மடிந்து துணிக்குள்ளிருந்து வெளியே வந்துவிடுகிறது.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்க." என்று கூப்பிட்டாள். "அக்கா வெரலு அசையுது."

பெண்களின் அழுகை நின்றது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மயில்சாமி எழுந்து மனைவியின் அருகே வந்தார்.

சுந்தராம்பாள் போனது விடியற்காலையில். அடுப்புப் பற்றவைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடைக்கானலுக்குக் கொண்டுபோக வண்டி பேசி முடிப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. இப்போது மணி பதினொன்று. பூம்பாறையை மூடியிருந்த பனி இன்னும் விலகவில்லை. ஒரே மகள் கண்மணி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

அந்த விரலைப் பற்றி மயில்சாமிக்குத் தெரியும். நாற்பது வருஷம் பூண்டுப் பல்லை அதைக்கொண்டு அழுத்தி மண்ணில் ஊன்றியவள் சுந்தராம்பாள். அடிமூட்டு தேய்ந்து வீங்கி, கடைசியில் சேலைக் கொசுவத்தைச் செருகக்கூட முடியாமல் போனது. மதுரை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். எலும்போடு எலும்பு உரசுகிறது, தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கலாம் என்றார்.

"வேணாங்க. இப்படியே இருந்துட்டுப் போறேன்," என்றாள் அவள். மயில்சாமிதான் பிடிவாதமாக ஆபரேஷனுக்குச் சேர்த்தார். அது நடந்து எட்டு மாதம். வலி போனது. விறகு எடுத்தாள், பூண்டு உரித்தாள். ஆனால் சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்: "நான் ஓஞ்சு படுத்தாலும் இது ஓய மாட்டேங்குதுங்க." அவர் சிரித்துவிட்டார்.

ஆள் போய் நர்ஸ் பாண்டிச்செல்வியைக் கூட்டிவந்தார்கள். அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"உசுரு இல்லீங்கய்யா. ஒடம்பு பூரா விறைச்சிருச்சு. அந்த மூட்டு செஞ்சு வச்சதுல்ல, அதான் விறைக்காம கெடக்கு. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். வாசல்படி தாண்டும்போது மறுபடியும் துடைத்தாள்.

அதற்குப் பிறகு பெண்கள் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். "வெரசா தூக்கிருவோம்," என்று வெளியே யாரோ சொன்னது கேட்டது.

"எம்மக வரட்டும்," என்றார் மயில்சாமி.

அவர் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலது கையை எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும், விரலுக்குப் பலம் வரக் காலையில் பத்துத் தடவை எதிலாவது அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளங்கையை நீட்டுவார், அவள் அழுத்துவாள். இப்போதும் அவர் வலது கை தானாகவே அவள் விரலுக்கு அடியில் போயிருந்தது.

விரல் குளிர்ந்திருந்தது. தன் கனத்தில் மடிகிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அது அழுத்தியது. விட்டது. மறுபடியும் அழுத்தியது.

மயில்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றிக் காசும் நாடிக்கட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. கூட்டத்தில் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிட வாய் திறந்தார். என்னவென்று சொல்வது? உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தோடு விரல் நின்றுவிட்டது.

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

ஒரு மணி பஸ்ஸில் கண்மணி வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து தாயின் மேல் விழுந்தாள். அந்த வலது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுதாள். அழுகை பாதியில் அறுந்தது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா."

"ம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள்.

பிறகு சித்தி லீலாவிடமிருந்து துணியை வாங்கினாள். அம்மாவின் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடித்து வைத்து, கை முழுவதையும் சுற்றி, குழந்தையைத் துணியில் பொதிவதுபோல் பொதிந்து கட்டினாள்.

படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களின் ஓரமாக எடுத்துப் போனார்கள். பனியில் முன்னால் போனவர்களின் முதுகு தெரியவில்லை. பறைச் சத்தத்தை வைத்துத்தான் நடந்தார்கள். மகன் இல்லாததால் கொள்ளி வைக்க மயில்சாமியே நின்றார்.

சுடுகாட்டு வேலை பார்க்கும் அழகுமலை கொள்ளிக்கட்டையை நீட்டினார். "வலது கையில வாங்குங்கய்யா."

மயில்சாமி இடது கையை நீட்டினார். மத்தியானத்திலிருந்து மூடிய வலது கை மூடியபடியே வேட்டியோடு ஒட்டிக் கிடந்தது.

அழகுமலை அந்த மூடிய கையைப் பார்த்தார். கட்டையிலிருந்து ஒரு பொறி ஈரப் புல்லில் விழுந்து அணைந்தது. பிறகு கொள்ளியை அந்த இடது கையிலேயே கொடுத்தார்.