பதினேழு உண்டு, ஏழு இல்லை

முத்துநாயகத்தின் நாணயத்துக்கு விலை ஐம்பது ரூபாய். கோட்டாறு கம்போளத்தில் அவர் நடத்தும் குழாய், இரும்புச் சாமான் கடையில் எவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் விழுந்தாலும் அன்றைய கூலியில் ஐம்பது பிடித்துக்கொள்வார். வந்தவர் எதைக் கேட்டாலும் 'உண்டும், இரியும்' என்று ஸ்டூலை இழுத்துப் போட வேண்டும். ஒரு சாயா வரவழைக்க வேண்டும். சாயா ஆறுவதற்குள் பின்வாசல் வழியாக நேசையன் கடைக்கு ஓடி, கேட்ட சாமானை வாங்கி வந்து, நம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுப்பதுபோலக் குனிந்து எடுத்து, தூசி தட்டி நீட்ட வேண்டும். தூசி தட்டுவது முக்கியம். முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையும் வெறுங்கையோடு படியிறங்கியதில்லை என்பது முத்துநாயகத்தின் பெருமை. அதில் பாதிப் பெருமை நேசையனுடையது என்பது நேசையனுக்கும் தெரியும். அவரிடம் இல்லாதது இங்கிருந்து போகும், சரியாகிவிடும்.

அந்தக் கல்லாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த மகள் அபிதா. இப்போது பார்வதிபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் மென்பொருள் கம்பெனியில் வேலை. மொத்தம் ஆறு பேர். முதலாளி ஜஸ்டஸ் குளச்சல்காரர். கத்தாரில் பத்து வருடம் சர்வர் அறைக் குளிரில் விறைத்துச் சேர்த்த பணத்தில் தொடங்கியது.

என்ன வேலை என்று அப்பா ஒருமுறை கேட்டபோது அவள் விளக்கப் பார்த்தாள். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே நூறு சின்ன கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. எல்லாம் மென்பொருளால் ஆன பாவனை. ஒன்றுக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. டிஸ்க் வேண்டுமென்றால் பேக்எண்ட் என்ற பின்கடையிடம்தான் வாங்க வேண்டும். குடியிருப்பை நடத்தும் மென்பொருளும் பின்கடையும் முதலில் பேசி முடிக்கும். உன்னிடம் என்னென்ன வசதி உண்டு? இன்னின்னது. இவற்றில் எனக்குத் தெரிந்தவை இவை, இவற்றை எடுத்துக்கொள்கிறேன். இருவரும் கையடித்த பிறகுதான் சின்ன கம்ப்யூட்டர் கண்விழிக்கும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

"வெல எப்பிடி?" என்றார் முத்துநாயகம்.

"வெல கெடையாதுப்பா. உண்டா, இல்லியா. அம்புட்டுதான்."

"வெல இல்லாத பேரமா? அதுக்கா ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம் தாறானுவ? நல்ல ஏமாளிகள பிடிச்சிருக்க மக்கா, விட்டுராத."

அந்த ஏமாளிகளில் பெரியவர் ஜெர்மனியில் இருந்தார். அங்கே ஒரு கிளவுட் நிறுவனம், தங்கள் இயந்திரங்களும் பின்கடைகளும் இந்தப் பேரத்தை எந்த முறையில் பேச வேண்டும் என்று வகுத்துத் தரச் சொல்லி, இருபத்து நான்கு வசதிகளின் பட்டியலோடு இரண்டு கம்பெனிகளைக் கேட்டிருந்தது. ஒன்று பெங்களூரில், ஒன்று பேக்கரி மாடியில். யாருடைய முறையை ஏற்கிறார்களோ, இனி அவர்களுக்கு டிஸ்க் விற்கும் எவனும் அந்த முறையில்தான் வாய் திறக்க வேண்டும். ஜஸ்டஸ் அந்த ஆவணத்தின் தலைப்பில் அபிதாவின் பெயரைப் போட்டிருந்தார். ஏழு வருட வேலையில் அவள் பெயர் மேலே ஏறியது அதுதான் முதல் தடவை.

முதல் வடிவத்தை அவள் எழுதினாள் என்று சொல்வதைவிடக் கோட்டாறு எழுதியது என்று சொல்லலாம். பின்கடை இருபத்து நான்குக்கும் 'உண்டு' என்றது. உண்மையில் அதன் கையில் இருந்தவை பதினேழு. மீதி ஏழையும், அது ஓடும் சர்வரின் சேமிப்பு மென்பொருளிடம் பின்வாசல் வழியாக வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். அழித்த கோப்பின் இடத்தைத் திருப்பித் தருவது அப்படி ஒன்று. சோதித்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜஸ்டஸ் கீழே போய் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வந்தார்.

சனிக்கிழமை சஜின் இடமாற்றச் சோதனை நடத்தினான். அபிதாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், அவள் எழுதியதை உடைத்துப் பார்ப்பதே அவன் உத்தியோகம். ஓடிக்கொண்டிருக்கும் சின்ன கம்ப்யூட்டரை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிமாற்ற வேண்டும். மாற்றினான். அது போய் இறங்கியது, ஒரு கோப்பை அழித்தது, அப்படியே நின்றது.

"மக்கா, ஒனக்க மெஷினு தியானத்துல இருக்கு."

அபிதா மெஷினின் செயல்பதிவைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் காரணம் பிடிபட்டது. புதிய சர்வரில் அந்தச் சேமிப்பு மென்பொருள் கிடையாது. பின்கடை, பழக்கதோஷத்தில் 'உண்டு, இரு' என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறது. ஓடிய இடத்தில் கடையே இல்லை.

"ஏழையும் வெட்டு. உள்ளத மட்டும் சொல்லு" என்றான் சஜின்.

"வெட்டுனா பெங்களூர்காரனுக்க முன்ன பிச்சக்காரி மாதிரி இருக்கும். பக்கத்துக் கட இருக்கா இல்லியான்னு அப்பப்ப எட்டிப் பாக்க வச்சிருவேன்."

"எத்தன வாட்டி எட்டிப் பாக்கும்? கழுத்து சுளுக்கிரும்."

ஞாயிறு மதியம் அவள் அப்பாவுக்குச் சோறு கொண்டு கடைக்குப் போனபோதும் அந்த எட்டிப் பார்க்கும் நிரல்தான் மனதில் ஓடியது. ஸ்டூலில் ஜெயசிங் உட்கார்ந்திருந்தார். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர், பழைய வாடிக்கை. இரண்டு அங்குலப் பித்தளை வால்வு கேட்டு வந்தவர். அவர் முன்னால் மூன்று காலிக் கிளாஸ்கள். நேசையன் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் வந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பிரசங்கம் நீண்டுவிட்டது.

"அண்ணாச்சி, உண்டா இல்லியா?"

"உண்டும், இரியும்."

"ஒன்றர மணிக்கூறா இருக்கேன் வேய். இல்லன்னு மொதல்லயே சொல்லியிருந்தா வடசேரியில வாங்கிட்டு வீட்டுல போய் சோறு தின்னிருப்பேன்."

"இன்னொரு சாயா சொல்லட்டா?"

"வயித்துல எடமில்ல வேய்!"

அபிதா அந்த முகத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை முழுக்கத் திரையில் பார்த்த முகம்தான் அது. போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், கொடுத்த வாக்கை நம்பி உட்கார்ந்திருக்கும் முகம். சோற்றுப் பாத்திரத்தைக் கல்லாமேல் வைத்தாள்.

"ஏட்டி, சோறு வெளம்பாம எங்க போற?"

"ஏழெண்ணத்த வெட்டணும்."

திங்கள் காலை புதிய வடிவம் ஜஸ்டஸ் மேஜையில் இருந்தது. சொந்த அலமாரியில் இருப்பதை மட்டும் பின்கடை 'உண்டு' என்னும். போய் இறங்கவேண்டிய சர்வரில் அந்தப் பதினேழில் ஒன்று குறைந்தாலும் மூட்டை கட்டும் முன்பே 'முடியாது' என்னும். கையடித்தபின் ஒரு சொல்கூட மாறாது.

"பதினேழா?" ஜஸ்டஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் இருவத்துநாலும் உண்டுங்கான். நாம என்ன கந்தல் கடையா நடத்துதோம்?"

"உண்டுன்னு சொல்லுதான் சார். தருவான்னு யாரு சொன்னா?"

"ஏழுல ஒரு நாலாவது சேத்துப் போடு. பாக்க ஒரு லெச்சணமா இருக்கும்."

"எந்த நாலு?"

"எந்த நாலானாலும்."

"செரி. சனிக்கிழம மாதிரி மெஷினு நின்னுதுன்னா நீங்க பேசுங்க. நான் அந்நேரம் சாயா குடிக்கப் போயிருவேன்."

அவர் நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினார். ஒன்றுக்கு இறங்கினார். அவள் பதினேழைவிட்டு அசையவில்லை. அசையாமல் நிற்பவனிடம் சரக்கு இருக்கிறது என்பது குளச்சலில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியாதா என்ன.

"போச்சுன்னா ஒனக்க பேருதான் மேல இருக்கு, பாத்துக்க."

"அதுக்குத்தான் சார்."

வியாழக்கிழமை பரிசோதிக்க வந்தவர் குமாரதாஸ். ஜெர்மன் நிறுவனத்தில் பெரிய பொறியாளர், பிறந்தது அருமனை. தங்கச்சியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஊர் வந்தவர், வீடியோவில் பார்க்கவேண்டியதை நேரிலேயே பார்க்கிறேன் என்று தன் லேப்டாப்போடு மாடியேறினார். பதினைந்து வருட ஜெர்மனி அவர் பேச்சில் ஒரு கீறலும் போடவில்லை.

"பதினேழுதானா?"

"பதினேழுதான் சார்" என்றாள் அபிதா.

அவர் தன் மென்பொருளை அவர்களுடைய பின்கடையோடு இணைத்தார். பதினேழும் கையடிக்கப்பட்டன. மெஷின் எழுந்தது. இரண்டு சர்வர்களுக்கு இடையே மூன்று முறை குடிமாற்றினார். குடிபோன இடத்திலெல்லாம் அது தன்பாட்டுக்கு ஓடியது. ஜஸ்டஸ் மூச்சுவிட்டார். குமாரதாஸ் எதையோ தட்டினார், மறுபடி தொடங்கினார்.

மெஷின் எழவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி.

ஜஸ்டஸ் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "சார், கரண்ட் ஏதும்... சஜின், அந்த ஒயரப் பாரு."

"ஒயர் ஒண்ணும் இல்ல" என்றாள் அபிதா. சிவப்பு வரியை ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. "எழும்பாததுதான் செரி."

"அது எங்ஙன?" என்றார் குமாரதாஸ்.

"எடுத்துக்கிட்டேன்னு நீங்க கையெழுத்துப் போட்டதுல இருவத்தொம்பதாம் நம்பர் இருக்கு. நாங்க அத வைக்கவே இல்ல. ஒங்க பட்டியலும் இருவத்துநாலோட முடிஞ்சிருது."

"கூடுதலா ஒண்ணு எழுதிட்டேன். கண்டுக்காம விட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

"இப்ப விட்டா, நாளைக்கு அத நீங்க கேப்பிய. அப்ப நாங்க முழிப்போம். உள்ள ஓடிட்டு இருக்க மெஷினு நடுவழியில நிக்கும். அது எழும்பும் முன்ன சண்ட போட்டுப் பிரியிறதுதான் ரெண்டுபேருக்கும் மரியாத."

குமாரதாஸ் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"மக்களே, இருவத்தொம்பதுன்னு ஒரு வசதி லோகத்துலயே கெடையாது. நான் சும்மா எழுதுனது. பெங்களூர்ல இதையே போட்டேன். செரி செரின்னு வாங்கிக்கிட்டானுவ. மெஷினும் எழும்பிச்சு. அது என்ன செய்யும்னு கேட்டேன். வேகமா ஓடும்னு சொன்னானுவ!"

சஜின் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

"இனி எங்களுக்கு டிஸ்க் தாறவன், நெட்வொர்க் தாறவன், எவனானாலும் நீ எழுதுன மொறைக்குத்தான் பேசணும்" என்றார் குமாரதாஸ். "ஆனா மிச்ச ஏழும் வேணும். கிறிஸ்மஸுக்குள்ள அஞ்சு செஞ்சு தருவியா?"

ஜஸ்டஸின் வாய் 'உண்டு'க்குத் திறந்துவிட்டது. அபிதா முந்திக்கொண்டாள்.

"ரெண்டு."

"ரெண்டா? களியாக்கிச் சிரிக்காத. அஞ்சு."

"அஞ்சு வேணும்னா அடுத்த ஓணத்துக்குப் பாக்கலாம்."

"நாலு."

"கிறிஸ்மஸுக்குன்னா மூணு. எந்த மூணுன்னு நான் சொல்லுவேன்."

குமாரதாஸ் ஜஸ்டஸைப் பார்த்தார். ஜஸ்டஸ் ஜன்னலைப் பார்த்தார். மூன்று என்று கையடித்தார்கள். பேக்கரியிலிருந்து மறுபடி முட்டை பப்ஸ் வந்தது, குமாரதாஸ் இரண்டு தின்றார்.

மாலை எல்லோரும் போனபிறகு அபிதா தன் பெயர் போட்ட ஆவணத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் ஒப்பந்த நிலவரத்தை எழுதினாள்:

கேட்டவை இருபத்து நான்கு. உண்டு பதினேழு, பதினேழும் கைமாறின. இல்லை ஏழு. பட்டியலில் இல்லாமலே கையெழுத்தானது ஒன்று, தள்ளுபடி. உண்டென்று சொல்லித் தராமல் விட்டது பூஜ்யம். கிறிஸ்துமஸ் வரை நம் பேரில் பாக்கி மூன்று.