மிதக்கணும்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அடுத்த நோயாளியைக் கூப்பிட வேண்டிய இடத்தில், அவள் தன் கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பினார்கள். அவன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றே விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். தம்பியின் சாவுக்கு வந்த நாத்தனார், இவளைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் அப்படியே தங்கிவிட்டவள். சமைப்பது, துவைப்பது, கதவைத் தட்டி "குளிச்சியா இல்லையா?" என்று கேட்பது எல்லாம் அவள்தான். மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான்.

மருத்துவர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். வாழ்நாளில் ஒருமுறையாவது செய்து பார்க்க ஆசைப்படுவதையெல்லாம் எழுதி வரவேண்டும். அவள் எழுதிக்கொண்டு போனாள்: குளியலறைக் கசிவைச் சரிசெய்வது, நாத்தனாருக்குக் கண்ணாடி மாற்றுவது, அவன் சட்டைகளை யாருக்காவது கொடுப்பது.

"இதெல்லாம் வீட்டு வேலைம்மா," என்றார் மருத்துவர். "உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க."

எழுதிய தாளை நாலாக மடித்தாள். பிறகு, "தண்ணியில மிதக்கணும்" என்றாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீச்சல் கத்துக்கணுமா?"

"நீச்சல் வேணாம் டாக்டர். சும்மா மிதந்தா போதும்."

நாத்தனார் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஷவர் தண்ணி மூஞ்சில பட்டாலே மூச்சு முட்டுதுன்னு கத்துறவ நீ!" ஆனால் பெண்களுக்கான நேரம் எப்போது என்று நீச்சல் குளத்தில் விசாரித்து வந்தது அவள்தான். நீச்சல் உடையை ஒரு அளவு பெரிதாகவே வாங்கியிருந்தாள். "நீ ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சா சரியா இருக்கும்," என்றாள்.

முதல் நாள் குளத்தின் ஓரக் கம்பியைவிட்டுக் கை வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்த நாத்தனார் சொன்னாள்: "டிக்கெட் வாங்கிட்டு வந்து கம்பிய புடிச்சுட்டு நிக்கிற ஆள இப்பதான் பாக்குறேன்." அடுத்த முறை பயிற்சியாளப் பெண் முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். உடம்பு கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது.

மூன்றாவது முறை, எப்போது அந்தக் கை விலகியது என்று தெரியவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்து சத்தம் எல்லாம் அடங்கியது. மேலே கூரையின் இரும்புச் சட்டங்கள் மெல்ல நகர்ந்தன. நகர்வது தான்தான் என்று சற்றுக் கழித்தே புரிந்தது. கூடவே, இவ்வளவு நேரம் அவனை நினைக்கவில்லை என்பதும். உடனே மூழ்கினாள். இருமிக்கொண்டே ஓரத்துக்கு வந்து கம்பியைப் பிடித்தாள்.

"அவர மறந்துட்டேன்க்கா."

நாத்தனார் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "கொஞ்ச நேரம் மறந்தா அவன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டான். போ, போய் இன்னொரு தடவ படு."

அவள் போய்ப் படுத்தாள். இந்த முறை அவனை நினைத்துக்கொண்டே மிதக்க முடிந்தது. எழுந்து நின்று, கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தபோது பெஞ்சில் பை மட்டும் இருந்தது. நாத்தனார் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, உடையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கால்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தாள். யாரையும் பார்க்காமல், கால் விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள்.