பாதியில் நிற்கும் வரி

ராணியின் நாற்காலியில் ஊதா நிறக் கழுத்துத்துணி ஒன்று கிடந்தது. அதைப் பார்த்த ராணி வேஷக்காரி நிவேஸ் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"தலையே போனாலும் மேடை ஏறமாட்டேன்!"

தவக்காலத்தில் பாதிரிமார் ஊதா உடுத்துவார்கள், நாடகக் கொட்டகையைப் பூட்டுவார்கள், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். அது அந்தக் காலம். மனிதன் நிலாவில் கால் வைத்த பிறகும் இத்தாலி நாடகக்காரர்களுக்கு அந்த நிறம் ஆகாது. ஒப்பனை அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, கொம்பு காட்டிப் பீடையை விரட்டினார்கள்.

ஒரு கை மட்டும் கோட்டுப்பையை விட்டு வரவில்லை. அது நாடகத்தை எழுதிய லெயார்கோவின் கை. மருந்துக்கடைக்காரர்.

பேராசிரியை ஒத்தோரினா அதைக் கவனித்துவிட்டாள். எதையும் நம்பாமலிருப்பதுதான் அவள் பிழைப்பு. தணிக்கைக்குப் பயந்த காலத்தில் உள்ளூர்க்காரனைத் திட்ட நினைத்த கவிஞர்கள் அவனுக்குக் கிரேக்க ராஜா வேஷம் போட்டார்கள். அதனால் எந்த ராஜாவைக் கண்டாலும் அவளுக்குச் சந்தேகம். நேற்று நூலகக் கூட்டத்தில் இந்த நாடகத்தையும் அப்படித்தான் அலசினாள்: "பதினோரு அசை வரியில் தங்குதடையின்றிப் பேசுகிற ராணி, ராஜாவின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் வரியைப் பாதியில் விடுகிறாள். இது ஏட்டில் படித்ததல்ல, வீட்டில் கேட்டது."

கைதட்டல் பலமாக இருந்தது. லெயார்கோ மட்டும் முகம் வெளுத்து வெளியேறினார்.

இப்போது அவரை நடைவழிக்கு இழுத்து வந்தாள்.

"அந்தத் துணி உங்க வேலைதானே?"

"நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும், புரொபசர்."

"எல்லாரும் கொம்பு காட்டினாங்க. வச்சவருக்கு என்ன பயம்?"

அவர் குரல் இறங்கியது. "கிரேக்கக் கதைன்னு நம்பித்தாங்க எழுதினேன். நீங்க சொன்னப்புறம்தான் அந்த ராஜா எங்கப்பான்னு எனக்கே உறைச்சுது. முதல் வரிசையில எங்கம்மா உக்காந்திருக்காங்க. ஊரே பாக்க அவங்க பயத்தை மேடை ஏத்தணுமா?"

பாசிசக் கருஞ்சட்டைப் படையின் காலத்தில் ஊரை ஆட்டிப்படைத்த அவர் அப்பாவின் பெயரை ஊர் இன்றும் குரல் தாழ்த்தித்தான் சொல்லும். ஒத்தோரினாவுக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் பலித்ததற்காக அவள் வருந்தியது இதுதான் முதல் தடவை.

கைத்தடிச் சத்தம் கேட்டது. ஆர்ஜியா அம்மாள், லெயார்கோவின் தாய்.

"ஏன்டா இன்னும் திரை தூக்கலை?"

"அம்மா, வீட்டுக்குப் போயிடலாம்மா. நாடகம் இன்னைக்கு..."

"நேத்து இந்தம்மா பேசினப்போ பின்னாடி நானும்தான் இருந்தேன்." மகனின் கன்னத்தைத் தட்டினாள். "நான் சொல்ல வந்து முழுங்கினதை யாருமே கவனிக்கலைன்னு நெனச்சேன். பொடிப்பய நீ கேட்டுக்கிட்டே இருந்திருக்கே."

உள்ளே போய் அந்த ஊதாத் துணியை எடுத்துத் தன் கைப்பைக்குள் திணித்தாள். நிவேஸின் தலையில் கிரீடத்தை நேராக வைத்தாள்.

"நீ பாதியிலயே விடு பொண்ணே, அதுதான் சரி. மிச்சத்தை இன்னைக்கு ராத்திரி நானே இவன்கிட்ட சொல்லிக்கிறேன்."