பாபின் டப்பாவில் இருந்த கல்

தன் உடம்பிலிருந்து விழுந்த கல்லைக் கஸ்தூரி தூக்கிப் போடவில்லை. பாபின் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தையல் மெஷினுக்கு அடியில் நூல் சுற்றி வைப்பார்களே, அந்த பாபினைப் போட்டு வைக்கும் சின்னத் தகர டப்பா. கல் மிளகில் பாதிகூட இருக்காது. பழுப்பு நிறம், நாலு பக்கமும் முள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த, சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அதைப் பார்க்காத பெண் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும், டப்பாவைத் திறந்து காட்டி, தான் பட்ட பாட்டை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கஸ்தூரி பெற்ற பிள்ளை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காது குத்து எப்போது என்று பொத்தான் துளைக்குக் காஜா போடும் வேம்புலியம்மாள் தினமும் கேட்பாள். தாய்மாமன் வந்ததும் குத்திவிடலாம் என்று கஸ்தூரியும் சளைக்காமல் சொல்வாள்.

அந்தக் கம்பெனியில் கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு வரிசைக்கு ஒரு மரக்கட்டை. சூப்பர்வைசர் மனோகரன் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் அவர் கண் எதிரில் அந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். கட்டையை எடுக்கும்போதெல்லாம் மனோகரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெண்கள் காலையில் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி, சாயங்காலம் வரைக்கும் தண்ணீர்ப் பானைப் பக்கம் போக மாட்டார்கள். கஸ்தூரியாவது வெட்கத்தை விட்டு எப்போதாவது எழுந்து போவாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த சுசீலா அந்தக் கட்டையைத் தொட்டதே இல்லை.

சுசீலா ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா உலகநாதன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர். வீட்டில் ரேடியோ உண்டு, ஆனால் செய்தி முடிந்ததும் அவரே எழுந்து அணைத்துவிடுவார். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் பாட்டு எதற்கு என்பது அவர் கட்சி. அடுத்த வீட்டில் ஒரு வடநாட்டுக் குடும்பம் இருந்தது. அவர்கள் ரேடியோவில் வரும் இந்திப் பாட்டுகளைச் சுவர் வழியாகக் கேட்டே சுசீலா வளர்ந்தாள். ஒரு வார்த்தை புரியாது. மெதுவாக, அழுகிற மாதிரி போகிற பாட்டுகள்தான் அவளுக்குப் பிடிக்கும்.

கஸ்தூரி அதற்கு நேர் எதிர். அயனம்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரத்து வீடு. ஆடி மாதம் முழுக்க உடுக்கையும் பம்பையும் கேட்டு வளர்ந்தவள். பாட்டு என்றால் காலில் ஏற வேண்டும் அவளுக்கு. சுசீலாவின் பாட்டுகளை எழவு வீட்டுப் பாட்டு என்பாள். கஸ்தூரியின் பாட்டுகளைத் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் என்பாள் சுசீலா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் தூங்கி விழாமல் இருக்க மனோகரன் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார். கேசட் அவரவர் கொண்டுவர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்த ரிக்கார்டிங் கடையில் ஒரு கேசட் பதிவு செய்துகொண்டார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கஸ்தூரியின் மேளம், மறுபக்கம் சுசீலாவின் அழுகை. எந்தப் பக்கம் முதலில் என்று தினமும் புங்கமரத்தடியில் சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

சுசீலாவுக்கு வலி வந்தது ஒரு சித்திரை மாத மதியத்தில். காலர் துணியைக் கையில் வைத்தபடியே அவள் வெளுத்துப் போனாள். விலாவில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு ஓடுகிறது என்று சொன்னதுமே கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள்தான் வைத்தியர். காலையில் வாழைத்தண்டைத் தட்டிச் சாறு எடுத்துப் பாட்டிலில் கொண்டுவருவாள். ஒரு நாள் பார்லி, ஒரு நாள் நெருஞ்சிமுள் கஷாயம். மனோகரன் முகத்தைப் பார்க்காமல் தானே கட்டையை எடுத்துவந்து சுசீலாவின் மடியில் வைப்பாள். வலிக்கும்போது மேளப் பாட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதும் அவள் வைத்தியத்தில் சேர்த்தி.

“வலி ஒரு பக்கம் அடிக்கும், மேளம் ஒரு பக்கம் அடிக்கும். எது எதுன்னே தெரியாம பூடும்டி. நான் அப்டிதான் தாங்கினேன்.”

சுசீலா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கு அது சரிப்படாது என்றாள். “எனக்குப் புரியாத பாட்டுதான் வேணும். வார்த்தை புரிஞ்சா மனசு அதுல போய் மாட்டிக்குது. புரியலன்னா, என் வலியையே யாரோ பாடுற மாதிரி இருக்கும்.”

குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் கல். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை மெல்லிய துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும், கல் விழுந்தால் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஆடிக்குள் விழாவிட்டால் ஆப்பரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சுசீலாவின் அம்மா முத்தம்மாள், கல் விழுந்தால் அதையே கொண்டுவந்து காணிக்கையாகப் போடுகிறேன், வெள்ளித் தகடும் பால்குடமும் செலுத்துகிறேன் என்று திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. கல் விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி குவார்ட்டர்ஸுக்குப் போனாள். முத்தம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, விஷயம் முடிவாகிவிட்டது என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகு சுசீலா கம்பெனிக்கு வர மாட்டாள், கல்யாணம் ஆகும்வரை வீட்டோடுதான், அவள் அப்பா சொல்லிவிட்டார் என்றாள். சுசீலா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனதும் சுசீலா அழுதாள். கத்தியை நினைத்து அழவில்லை என்றாள். வீட்டில் அடைந்துவிட்டால் இனி ஒரு பாட்டு உண்டா என்றாள். அடுத்த வீட்டு வடநாட்டுக்காரர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள், சுவர்கூட ஊமையாகிவிட்டது என்றாள். கஸ்தூரிக்கு வேறொன்று தோன்றியது. பக்கத்து மெஷினில் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கேசட்டின் மறுபக்கத்தைப் போடச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். 

வலி இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்ச நாளாக இல்லை என்றாள் சுசீலா.

“அப்போ அது எறங்கி எங்கயோ பூட்டுகீதுடி. நீ சரியா பாத்திருக்க மாட்டே.” கஸ்தூரி பையிலிருந்த பாபின் டப்பாவைத் தொட்டாள். “என்னுத காட்டிடலாம். இது பொய்யில்ல. உண்மைய கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்ளோதான்.”

வேண்டாம் என்று சுசீலா தலையாட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சுசீலாதான் கையை நீட்டினாள்.

முத்தம்மாள் அந்தக் கல்லை உள்ளங்கையில் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்லைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. அம்மன் எடுத்துக்கொடுத்ததை டாக்டரிடம் காட்டிச் சந்தேகம் கேட்பதா என்று நினைத்தாள். மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கஸ்தூரியையும் அழைத்துக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போனாள். வெள்ளித் தகடும் கல் முடிந்த மஞ்சள் துணியும் உண்டியலில் விழுந்தன. நீ வந்த வேளைதான் கல் விழுந்தது, உன் கை ராசியான கை என்று சொல்லி, கஸ்தூரி தலையிலும் ஒரு பால்குடத்தை ஏற்றினாள். பம்பைச் சத்தம் கேட்டதும் கஸ்தூரியின் கால் தானாகவே தாளம் போட்டது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்தான். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம், அந்தச் சந்தோஷம்தான் அவளை அதிகம் கூசவைத்தது.

கல்தான் விழுந்துவிட்டதே என்று ஆப்பரேஷனும் நின்றது, வேலையை விடச் சொன்ன பேச்சும் நின்றது. திங்கட்கிழமை சுசீலா கம்பெனிக்கு வந்தாள். பிள்ளை எங்கே என்று வேம்புலியம்மாள் கேட்டதற்கு, தொலைந்துபோய்விட்டது என்றாள் கஸ்தூரி. பெற்றதைப் பேணத் தெரியாதவள் என்று எல்லாரும் சிரித்தார்கள். கேசட் இரண்டு பக்கமும் ஓடியது. வாழைத்தண்டுச் சாறு நின்றுபோனது. கல் விழுந்த பெண்ணுக்கு அது எதற்கு? கட்டை மறுபடியும் ஆணியிலேயே தொங்கியது.

புரட்டாசியில் ஒரு நாள் சுசீலா சொன்னாள். வலி என்று சொல்ல முடியாது, விலாவுக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்து வைத்த மாதிரி கனமாக இருக்கிறது என்றாள். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள் கஸ்தூரி. சொன்ன அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. மறுநாளே மறுபடியும் வாழைத்தண்டு தட்டினாள். அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று சுசீலா கேட்டாள். என்னவென்று சொல்வது? அம்மன் எடுத்த கல்லை அம்மனே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றா? வெள்ளிக்கிழமை தோறும் முத்தம்மாள் அக்கம்பக்கத்து வீடுகளில் அந்தக் கல்லின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு இரண்டு வீட்டுக்காரர்கள் திருவேற்காட்டுக்கு வேண்டுதல்கூட வைத்துவிட்டார்கள்.

தீபாவளி போகட்டும் என்றாள் கஸ்தூரி. தீபாவளி போனது. மழை ஓயட்டும் என்றாள்.

மார்கழியில் சுசீலாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. மெஷினிலேயே சாய்ந்துவிட்டாள். கேசட்டில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய பக்கம்தான், ஆனால் அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கல் வழியை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது, வலது சிறுநீரகம் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது, வைத்திருந்தால் ஆளுக்கே ஆபத்து என்று சொல்லிச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். ஆடியிலேயே வந்திருந்தால் கல்லை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை உலகநாதன் வராந்தாவில் நின்று கஸ்தூரியிடம் சொன்னார். அப்போதுதான் ஒரு கல் விழுந்துவிட்டதே, இது புதிதாக வளர்ந்ததாக இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். 

சுசீலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்த பிறகு, முத்தம்மாள் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாள் கஸ்தூரி. சொல்லாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்றாள்.

சுசீலா கட்டிலின் இரும்புக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லாத. சொன்னா அம்மா என்னை ரெண்டு திட்டு திட்டிட்டு விட்ருவா, உன்னையும் விட்ருவா. சாமிகிட்ட பொய்யக் கொண்டுபோய்ப் போட்டோமேன்னு தன்னைத்தான் விட மாட்டா. எனக்குப் போனது போகட்டும். அவளுக்கு அந்தக் கல்லாவது இருக்கட்டும்.”

“அப்போ நான் இன்னா பண்றது?”

“வச்சிக்கோ,” என்றாள் சுசீலா. “நானும்தானே கை நீட்டினேன். எங்கிட்ட பாதி கீது, உங்கிட்ட பாதி கீது.” கஸ்தூரியின் பேச்சை அவள் வேண்டுமென்றேதான் பேசிக் காட்டினாள். வழக்கமாக அதற்குக் கஸ்தூரி முதுகில் ஒன்று வைப்பாள். இப்போது தையல் போட்ட உடம்பு. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கேசட்டைப் பற்றிச் சுசீலா கேட்டாள். நீயே வைத்திரு, என் பக்கத்தையும் எப்போதாவது போடு, நாடா ஒட்டிக்கொள்ளப் போகிறது என்றாள். வேறு பாட்டுப் பேச்சு அன்றைக்கு எழவில்லை.

அடுத்த ஆடியில் முத்தம்மாள் அயனம்பாக்கத்துக்கே தேடிக்கொண்டு வந்தாள். மிச்சம் இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தை அம்மன் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். போன தடவை கேட்டது கிடைத்தது, இந்தத் தடவையும் கஸ்தூரி வந்து பால்குடம் எடுக்க வேண்டுமாம். வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தழும்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ வந்தாத்தான் மனசுக்குத் தைரியமா இருக்கும் தாயி. உன் கை ராசி அப்படி.”

கஸ்தூரி மறுக்கவில்லை. மறுக்க ஒரு காரணம் வேண்டும். அவளிடம் இருந்த ஒரே காரணத்தை அவள் சொல்லக் கூடாது.

திருவேற்காட்டில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. மஞ்சள் புடவையும் தலையில் பால்குடமுமாக அவள் வரிசையில் நடந்தாள். சுசீலா வரவில்லை, அவளை வெயிலில் நிற்க வைக்கக் கூடாது. முன்னால் பம்பைக்காரர்கள் இறங்கி அடித்தார்கள். வலி வந்தால் மேளம் கேள், எது எதுவென்றே தெரியாமல் போய்விடும் என்று அவள் ஊருக்கெல்லாம் சொன்ன வைத்தியம். அடி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. அவளுக்குள் இருந்ததும் தனியாகவே இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. கால் தாளம் போடவில்லை, ஈரத் தரையில் வழுக்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்தது. உண்டியலைத் தாண்டும்போது முத்தம்மாள் நின்று, இதில்தானே போட்டோம் என்று அதைக் காட்டிக் கும்பிட்டாள். குடத்தைப் பிடித்திருந்ததால் கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட வேண்டியிருக்கவில்லை. அதற்காக அவள் அந்தக் குடத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.