எந்த மாடியில் பிரசவ அறை

நடந்ததை நடந்தபடி சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பாதியை அவள் சொல்லக் கேட்டேன், பாதியை அவள் கணவன் சொல்லக் கேட்டேன். இரண்டும் சில இடங்களில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அப்போது நல்ல மழை என்பான் அவன். மின்விசிறிக்கு அடியிலிருந்து எழ முடியாத வெயில் என்பாள் அவள். டாக்டர் கேட்ட கேள்வி மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாமா, இல்ல வலி வரட்டும்னு காத்திருந்து நார்மலுக்குப் பார்க்கலாமா? ரெண்டுக்கும் உங்க உடம்பு இடம் கொடுக்குதும்மா. நீங்கதான் சொல்லணும்."

அவள் துணி தைப்பவள். புதுத்துணி தைப்பதைவிட மற்றவர் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைதான் அதிகம். இடுப்பைப் பெரிதாக்குவது, கையைக் குறைப்பது, பள்ளிச் சீருடையின் மடிப்பை இறக்கிவிடுவது. வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். முதல் குழந்தை பெண். அதற்கு வீட்டில் வாலு என்று பேர். அந்தப் பேருக்கு அது ஒரு நாளும் குறை வைத்ததில்லை. வாலு பிறக்கும்போது நெடுநேரம் வலி கண்டு, கடைசியில் அவசரமாக மயக்கம் கொடுத்து வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

டாக்டரிடம் அவள் தன் தொழிலை வைத்தே பதில் சொன்னாள்.

"ஒரு தடவை பிரிச்சுத் தச்ச இடத்துல மறுபடி கத்தரி வைக்கக் கூடாது டாக்டர். துணி நைஞ்சு போயிடும். அதனால நார்மலே பார்க்கலாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "துணி தானா ஒட்டாதும்மா, சதை ஒட்டும். நீங்க தலைகீழா நெனச்சுக்கிட்டிருக்கீங்க. வலி வரும்போதுதான் பழைய தையலுக்கு வேலை. இருநூறு பேர்ல ஒருத்தருக்கு அது விட்டுக்கொடுக்கலாம். அப்படி ஆனா உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடணும். ஆபரேஷன்னா அந்தப் பயம் இல்ல. ஆனா வேற பயம் உண்டு, ஆறவும் நாளாகும். பயமே இல்லாத வழின்னு ஒண்ணு இருந்தா நான் ஏன் உங்களைக் கேக்கறேன்? அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க."

சொன்ன காரணம் தப்பாகிப் போனது. ஆனால் நார்மல் வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருந்தது. காரணம் போன பிறகும் எண்ணம் போகவில்லையென்றால் உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பையை மடியில் வைத்திருந்தான். அந்த வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவுதான். ஊருக்கும் சேர்த்து வாலு பேசிவிடும்.

மறுநாள் நாத்தனார் வந்தார். கணவனின் அக்கா. கெட்ட மனசில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"நாள் குறிச்சாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"குறிக்காத. நான் மூணும் பெத்தவ, சொல்றேன் கேளு. நீ வாலுவை எங்க பெத்த? எடுத்துல்ல குடுத்தாங்க. இந்தத் தடவையாவது பெத்துக் காட்டு."

அவள் வாயில் குண்டூசி வைத்திருந்தாள், பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல சமயம் அதற்காகவே வைத்துக்கொள்வாள்.

"நீ சும்மா இரு அக்கா," என்றான் கணவன். சாப்பாட்டு மேசையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். "கயிறு அறுந்த பிறகு மாத்தறதுக்குப் பேரு ரிப்பேர். அறுந்துபோறதுக்கு முன்னாடி மாத்தறதுக்குப் பேரு பராமரிப்பு. நாள் குறிச்சுப் போனா எல்லாரும் தயாரா இருப்பாங்க."

"ஏன்டா, பொண்டாட்டியை லிஃப்ட்டுன்னு நெனச்சியா?"

"லிஃப்டா இருந்தா இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன்."

நாத்தனார் சிரித்தார். அவளும் ஊசியைக் கடித்தபடி சிரித்தாள். ஆனால் 'எடுத்துக் குடுத்தாங்க' என்ற சொல், துணியில் விட்டுப்போன ஊசி மாதிரி எங்கோ இருந்துகொண்டு, அசையும்போதெல்லாம் குத்தியது. இதுவா காரணம்? ஒருத்தி வாயை அடைக்கவா நான் வலிப்படப் போகிறேன்? கொஞ்சம் இதுவும்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் இது மட்டும் இல்லை.

அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாலு பிறந்த அன்று தியேட்டருக்குக் கொண்டுபோக அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். மேலே வெள்ளை விளக்கு. கணவன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவள் அந்தக் கையை நம்பித்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது அவன் கையை விட்டான். கண்ணைத் திறந்தபோது அவன் முதுகு தெரிந்தது. பிறகு கதவு மூடியது. அவன் வெளியே இருந்தான். அதற்கப்புறம் மூக்கில் ஒரு வாசனை, இருட்டு. விழித்தபோது குழந்தை வேறொரு அறையில் இருந்தது. முதல் அழுகையை அவள் கேட்கவில்லை.

பயந்துபோய் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தாள். ஆண்களுக்கு ரத்தம் என்றால் பயம், போகட்டும் என்று பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போகவில்லை. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டால் கத்தி அவள் கண்ணில் வராது. அந்த முதுகுதான் வரும்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவளுக்கு முன்பே அவன் பேசினான்.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? பிரசவ ரூம் எந்த மாடி?"

"ரெண்டாவது."

"தியேட்டர்?"

"நாலாவது."

"நடுவுல அந்த ஒரு லிஃப்ட்தானா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் குழந்தை எவ்வளவு எடைன்னு கேப்பாங்க. நீங்க லிஃப்டைக் கேக்கறீங்க."

அவன் சிரிக்கவில்லை. "அது கதவு சரியா மூடாது டாக்டர். இன்னைக்கும் வரும்போது பார்த்தேன். மூட வந்து திறக்குது. இருநூறுல ஒருத்தர்னு சொன்னீங்க. அந்த ஒருத்தர் அதுக்குள்ள மாட்டிக்கிட்டா?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்து வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே அந்த லிஃப்ட். யாரோ ஏறினார்கள், கதவு மூட வந்து திறந்தது. அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் கையை விட்டீங்க?"

"எந்தக் கையை?"

"என் கையை. வாலு பிறந்தன்னைக்கு. இதுக்குள்ள."

அவன் யோசித்தான். "கதவு மூடல. மூட வருது, திறக்குது. வண்டியைத் தள்ளின ஆளு பட்டனை அமுக்கிக்கிட்டே நிக்கறார். கோளாறு பட்டன்ல இல்ல. கீழ ஓரத்துல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும். அதுல தூசி படிஞ்சா, நடுவுல யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கதவு திறந்துடும். குனிஞ்சு சட்டையால துடைச்சேன். துடைச்சுட்டு வழியை விட்டு நகர்ந்தேன், உடனே மூடிடுச்சு. நான் வெளிய. படியில ஓடி வந்தேன். அதுக்குள்ள உன்னை உள்ள கொண்டுபோயிட்டாங்க."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கதவு மூடல. துடைச்சேன்."

அவன் குனிந்ததைப் பார்த்தோமா என்று அவள் நினைவில் தேடிப் பார்த்தாள். அந்த முதுகு நின்றபடி இருந்ததா, குனிந்தபடி இருந்ததா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததைக் கீழே வைக்க வேண்டும், எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"என்னன்னு?"

"விடுங்க."

அவன் விட்டுவிட்டான். ஆனால் புரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் பையோடு சேர்த்து அவள் கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

இனி நார்மல் மேல் இருந்த பிடிவாதம் தானாகக் கரைந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். கணவன் மேலிருந்த வருத்தம் போய்விட்டது. நாத்தனாரின் பேச்சு முன்பு போலக் குத்தவில்லை. தையல் நைந்துபோகும் என்ற கணக்கு ஏற்கெனவே தப்பாகிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப்போட்ட பிறகும் ஏதோ மிச்சமிருந்தது. மெஷினை மிதிக்கும்போது வயிற்றில் குழந்தை புரளும். நீ எப்படி வருவாய் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அதற்குக் காரணம் கேட்டால் அவளிடம் இல்லை. காரணம் இல்லாததாலேயே அது தன்னுடையது என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் அவனிடம் சொன்னாள். வாலு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தது.

"எனக்கு இப்பவும் நார்மல் பார்க்கணும்னுதான் இருக்கு."

"எம்மேல இருக்கற கோபத்துல நீ சொல்றன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கோபம் போயிடுச்சு. இது போகல."

அவன் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவள் விளக்கைப் போடாமல் இருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"எனக்கும்தான்."

"அப்புறம் ஏன்?"

"பயமா இருக்குங்கறது வேற. வேண்டாங்கறது வேற."

அவன் மனசுக்குள் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான், முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"நாளும் குறிச்சு வச்சுக்கலாம்," என்றான் கடைசியில். "அதுக்குள்ள வலி வந்தா நீ சொன்னபடி. வரலைன்னா நான் சொன்னபடி. ஆனா பிரசவ ரூமும் தியேட்டரும் ஒரே மாடியில இருக்கணும்."

"நடுவுல நானே போதும்னு சொன்னா?"

"நீ போதும்னா போதும்."

டாக்டரிடம் சொன்னார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் போய்ப் பார்க்கும் இன்னொரு சின்ன மருத்துவமனையைச் சொன்னார். அங்கே தரைத்தளத்திலேயே இரண்டு அறையும் எதிரெதிரே. மயக்க மருந்து டாக்டருக்கு வீடும் அதே வளாகத்தில்தான். அவன் முன்கூட்டியே போய்க் கதவிலிருந்து கதவுக்கு நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

குறித்த நாளுக்கு முன்பே ஒரு காலையில் வலி வந்துவிட்டது. வாலுவை நாத்தனார் பார்த்துக்கொண்டார். பகல் முழுக்க அவள் நடந்தாள், உட்கார்ந்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முதுகைத் தேய்த்துவிட்டான். பிற்பகலில், கர்ப்பப்பை வாய் திறப்பது பாதியில் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வலி வரும்போது குழந்தையின் இதயத்துடிப்பும் லேசாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். இப்பவே போனாலும் தப்பில்ல. என்னம்மா சொல்றீங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருக்க அவன் எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வலி வந்து போகும்வரை அவள் பொறுத்தாள். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று அப்போது நினைத்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"போதும் டாக்டர். போகலாம்."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். இந்த முறை அவள் விழித்திருந்தாள். பையன். அவன் அழுததை அவள் கேட்டாள்.

இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான், பேச்சு குறைவு. வாலு அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறது. அவளுக்கு வயிறு ஆற நாளானது. நாத்தனார் ஒரு மாதம் தங்கிச் சமைத்துப் போட்டார், 'எடுத்துக் குடுத்தாங்க' என்ற பேச்சை எடுக்கவில்லை. அவள் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறாள், கூட ஒரு பெண் தைக்கிறாள். அவன் மேற்பார்வையாளர் ஆகிவிட்டான், கையில் கிரீஸ் படுவது குறைந்துவிட்டது என்பதில் அவனுக்கு வருத்தம். டாக்டர் தன் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவது குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.