மேல் தொட்டி

"இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்கப்பா" என்று மகன் பேனாவை அவர் விரல்களுக்குள் திணித்தான்.

தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிமேல் புகார் எழுதி முடித்திருந்தான். அவர்கள் மூக்கு ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டதால்தான் கிருமி புது நுரையீரலுக்குள் இறங்கியது என்று அதில் இருந்தது. தள்ளிப்போட்டது யார் என்பது மட்டும் தப்பு. அது அந்த வீட்டில் பிளம்பரான அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மகளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி கோந்து மாதிரி கெட்டிப்பட்டு நெஞ்சையும் மூக்கின் உள்ளறைகளையும் அடைத்துக்கொள்ளும். இருபத்தாறு வயதில் இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். மூன்றாம் மாதம் மாடிப்படி ஏறி வந்து, "அப்பா, இப்பத்தான் உங்கள ஒரே மூச்சுல திட்ட முடியுது" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பிறகு டாக்டர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "நுரையீரல்தான் புதுசு. மூக்குக்குள்ள பழைய கிருமி அப்படியே உக்காந்திருக்கு. கீழ எறங்கலாம். சுத்தம் பண்ணிட்டா ஆபத்து கொறையும்."

தொட்டியைக் கழுவாமல் புதுக் குழாய் போடாதீர்கள் என்று முப்பது வருடமாக வீடு வீடாகச் சொல்லிவந்த மனிதர். கேட்காதவர்களின் வேலையை ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஊருக்குத்தான் உபதேசம். தேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மகள் கண்ணாடி முன் நின்று தலை வாரியபடி பாடிக்கொண்டிருந்தாள். நெஞ்சுத் தழும்பின் சிவப்புகூட மாறவில்லை. மறுபடியும் கத்தியா என்று அவருக்கு மனசு வரவில்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மகள் கேட்டதற்கு, "அவங்கதான் தள்ளி வச்சிட்டாங்க" என்றார். மூன்றாவது போன் வருமுன் காய்ச்சல் வந்துவிட்டது. பதினெட்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்தாள்.

"என்னப்பா யோசனை? அவங்கள சும்மா விட்ருவோமா?"

"போடுங்க" என்றாள் மனைவி, சுவரில் சாய்ந்தபடி. "எப்பம்மா கூப்பிடுவாங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு எம்பொண்ணு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் கூப்பிட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

மகன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிதான் கேட்டாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பழிய அவங்கமேல போட்டுட்டேன்."

ஆபரேஷன் செய்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். எந்த முகத்தோடு சொல்வது என்று நிறுத்திக்கொண்டார்.

மனைவி எழுந்து மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இருமல் முற்றினால் யாராவது ஓட வேண்டுமே என்று அந்தக் கதவை ஒருநாளும் தாழிட்டதில்லை. துருவேறிய தாழ்ப்பாள் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை விழுந்தது.